பங்குக்காரி வீட்டுத் துடக்கு

இதை எழுத வேண்டும் என்று நினைப்பதும், வேண்டாம் என்று விடுவதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. எழுத்து வராது என்பதல்ல காரணம். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள்தான், ஆனாலும் தேவாரம் படிக்கவும் பேப்பர் வாசிக்கவும் நாலு வரி எழுதவும் எனக்குத் தெரியும். எழுதினால் கூடப்பிறந்த அண்ணையைப் பற்றி எழுதவேண்டும். அதுதான் கையைப் பிடித்தது. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் முழுவதும் ஊர் வாயை மூடவில்லை. கோயிலடியில் ஒரு கதை, சந்தையில் இன்னொரு கதை. வெளிநாட்டில் இருந்து போன் எடுக்கிற சொந்தக்காரர் என்னிடமே வேறொரு கதையைச் சொல்லி, "உண்மையோ?" என்று கேட்கிறார்கள். அன்றைக்குக் கோயில் வெளிவீதியில் நின்று கண்ணால் கண்டவள் நான். கண்டதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தென்மராட்சியில் இருக்கிறது. என் கலியாணத்துக்கு அப்பா சீதனமாக எழுதித் தந்தது ஒரு தோட்டக்காணி. அதற்குள் கிணறு இல்லை. கிணறு அடுத்த காணியில். அந்தக் காணி அண்ணைக்கு வந்தது. கிணற்றில் பாதிப் பங்கும் வாய்க்கால் உரிமையும் எனக்கு என்று அப்பா காணி உறுதிப் பத்திரத்தில் எழுதுவித்தார். ஒரு நாள் அண்ணை இறைப்பார், அடுத்த நாள் நாங்கள் இறைப்போம். என் கணவர் இருதய வருத்தக்காரர். மண்வெட்டி பிடிக்கக்கூடாது என்று ஆசுப்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தோட்டத்தை நான்தான் பார்த்தேன். இரண்டு பெண் பிள்ளைகளின் படிப்பும் எங்கள் சாப்பாடும் அந்த மண்ணில்தான் இருந்தன. தண்ணீர் இல்லாவிட்டால் அது மண்கூட இல்லை, வெறும் மணல்.

சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகு சில காலம் முறை ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு அண்ணையின் மகன் வெளிநாடு போனான். அவன் அனுப்பிய காசில் சுற்றிவரக் கம்பிவேலி வந்தது. அண்ணை காணி முழுக்க வாழை வைத்தார். வாழை தண்ணீரைக் குடிக்கிற பயிர். கோடையில் கிணறு இரண்டு பேருக்கும் காணவில்லை. ஒருநாள் காலையில் நான் போய்ப் பார்த்தபோது எங்கள் பக்கம் வருகிற சீமெந்து வாய்க்கால் அலவாங்கால் உடைக்கப்பட்டுக் கிடந்தது. அண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"அண்ணை, இண்டைக்கு எங்கடை முறை."

"என்ன முறை? உனக்கு இஞ்சை ஒரு முறையும் இல்லை. அம்மாவின்ரை தாலிக்கொடியை வாங்கிக் கழுத்திலை போடேக்கை கிணத்துப் பங்கை விட்டனி எல்லோ."

"நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?"

"அப்பாட்டைச் சொன்னனி. போய் அவரைக் கேள்."

அப்பா செத்து எத்தனையோ காலம். அவரை எங்கே போய்க் கேட்பது? நான் அழுதுகொண்டு நின்றேன். அண்ணி கோடிப்பக்கத்தில் இருந்து கூப்பிட்டாள். "குடிக்கத் தண்ணி வேணுமெண்டால் குடத்தைக் கொண்டு வந்து அள்ளன். ஊர்ச்சனம் அள்ளுது தானே, நீயும் அள்ளு. ஆர் வேண்டாமெண்டது?"

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. ஊர்ச்சனம் அள்ளுவது தருமத்துக்கு. நான் அள்ளினால் அது என் அப்பா தந்த பங்கு.

ஊரில் பெரியவர்கள் கதைத்துப் பார்த்தார்கள். அண்ணை மசியவில்லை. கோட்டுக்குப் போகச் சொன்னார்கள். நான் முதலில் கண்ட சட்டத்தரணி இளம் பெடியன். "முறைத் தண்ணி எண்டால் என்ன அக்கா?" என்று கேட்டான். அதற்குமேல் அங்கே இருந்து என்ன செய்வது? எழும்பி வந்துவிட்டேன். காணி, கிணறு, வாய்க்கால், வேலி என்று வாழ்நாள் முழுக்க இதே வழக்குகளைப் பேசிப் பழுத்த ஒருவர் ரவுணில் இருக்கிறார், அவரைப் பிடி என்றார்கள். நல்லவரா என்று கேட்டேன். கெட்டிக்காரர் என்றுதான் சொன்னார்கள்.

உரக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. வெள்ளைச் சேட்டு, வாய்க்குள் கராம்பு. என்னை இருக்கச் சொல்லவில்லை.

"என்ன பயிர்?"

"மிளகாய், சேர்."

"பூத்திட்டுதோ?"

"ஓம் சேர். பூவும் பிஞ்சும்."

"அப்ப உந்தப் போகம் போச்சு. அதை மறந்துவிடும். கோடு உம்மடை மிளகாய்க்காண்டி ஓடிவராது."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"அழுகிறதெண்டால் வெளியிலை போய் அழுதிட்டு வாரும். பின்னாலை சனம் நிக்குது."

"அம்மனுக்கு நேர்த்தி வைச்சிட்டுத்தான் வந்தனான் சேர். அவ கைவிடமாட்டா."

"அம்மன் பாப்பா எண்டால் அம்மனிட்டையே இரும். இஞ்சை வந்தால் உறுதியைக் கொண்டாரும், தாலிக்கொடி எப்பிடி வந்தது எண்டதைச் சொல்லும். அழுகையையும் நேர்த்தியையும் வீட்டிலை வைச்சிட்டு வாரும்."

வெளியே வந்து பஸ்ஸில் ஏறினேன். அந்த மனிதனைக் கண்ணாலும் காணக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் அடுத்த கிழமையே உறுதியோடு போய் நின்றேன். வேறு போக்கிடம் இல்லை. தாலிக்கொடி அம்மா கண்மூடுவதற்கு முதல் தன் கையாலேயே என் கழுத்தில் போட்டது. கிணற்றுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பேப்பரைப் புரட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்துக்கு வந்து நின்றார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காற்சட்டையை மடித்துக்கொண்டு வாய்க்கால் வழியே நடந்தார். உடைந்த இடத்தில் குந்தி இருந்து பூட்டுத் திறப்பால் பாசியைச் சுரண்டி, தண்ணீர் கனகாலம் ஓடியதா என்று பார்த்தார். அண்ணை கண்டுவிட்டார்.

"கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்து கிணத்துக்குக் காட்டுறியோடி? தண்ணி கறுக்கப்போகுது, கவனம்!"

சட்டத்தரணி நிமிர்ந்து, "தம்பி, தண்ணி விடாய்க்குது. ஒரு வாளி அள்ளித் தாரும்" என்றார்.

விடாய் என்று கேட்டவனுக்கு எங்கள் பக்கத்தில் எதிரிகூடத் தண்ணீர் இல்லை என்று சொல்லமாட்டான். அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டு அள்ளி வார்த்தார். அவர் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். பிறகு கிணற்றுக்கட்டில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைக் குடத்தைக் காட்டி, "உது ஆற்றை?" என்றார்.

"கோயில் குடம். தொடக்கூடாது." அண்ணையின் குரலில் அதுவரை இல்லாத ஒரு பெருமை.

திரும்பி வரும்போது அந்தக் குடத்தைப் பற்றி என்னைக் கேட்டார். எங்கள் அம்மன் கோயில் கிணறு உவர். அபிடேகத்துக்கு அப்பா காலத்திலிருந்தே எங்கள் கிணற்று நல்ல தண்ணீர்தான் போகிறது. அப்பாவுக்குப் பிறகு அண்ணை விடியக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு சுமந்துபோய்க் கொடுக்கிறார். காய்ச்சல் என்றாலும் போவார், மழை என்றாலும் போவார்.

"அப்ப ஒரு நாளும் நிக்காதோ?"

"தீட்டுத் துடக்கெண்டால் நிக்கும் சேர். செத்த வீட்டுத் துடக்கு பங்குக்காரர் வீட்டிலை வந்தால் அந்தக் கிணத்துத் தண்ணி சாமிக்கு ஆகாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் வேறை கிணத்திலைதான் எடுப்பினம்."

"அள்ளிக் குடிக்கிற மற்றச் சனம்?"

"அவையின்ரை துடக்கு கிணத்தைப் பிடியாது. பங்குக்காரற்றை மட்டுந்தான்."

அவர் இன்னொரு கராம்பை வாயில் போட்டார். எனக்குச் சரியான ஆத்திரம். என் மிளகாய் கருகிக்கொண்டிருக்கிறது, இந்த மனிதன் கோயில் குடத்தை விசாரிக்கிறான் என்று மனதுக்குள் திட்டினேன்.

வழக்கு இழுத்தது. ஒவ்வொரு தவணைக்கும் பஸ் ஏறிப் போய் வாங்கில் இருப்பதும், பெயர் கூப்பிட்டு இன்னொரு திகதி சொல்வதும்தான். மிளகாய் போனது. அடுத்த போகம் வெங்காயம் வைக்க முடியவில்லை. மூத்தவள் ரியூசனை நிற்பாட்டினாள். அண்ணியின் வாய் மட்டும் நிற்கவில்லை. நான் கோட்டுக்குப் போக வெளிக்கிட்டால் வேலியடிக்கு வந்து நின்று, "பட்டுச்சேலை இல்லையோ? கோட்டிலை கலியாணம் எண்டெல்லோ நினைச்சன்" என்பாள்.

கடைசியில் அண்ணையின் சட்டத்தரணி எழும்பி ஒரு புதுக் கதை சொன்னார். இந்த நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு வழி இருக்கிறதாம். ஒரு பகுதி கோயிலில் சத்தியம் செய்தால் மற்றப் பகுதி அதை ஏற்றுக்கொண்டு வழக்கை முடித்துக்கொள்ளலாம். தாலிக்கொடிக்குப் பதிலாகக் கிணற்றுப் பங்கை விடவில்லை என்று நான் ஊர் அம்மன் சந்நிதியில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணவேண்டும். பண்ணினால் தண்ணீர் எனக்கு. குறித்த நாளில் பண்ணாவிட்டால் வழக்குத் தள்ளுபடி.

"ஓம் எண்டு சொல்லும்" என்றார் என் சட்டத்தரணி. நான் ஓம் என்றேன். எனக்கு என்ன பயம்? அம்மனுக்கு உண்மை தெரியும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து விளக்கேற்றிச் சந்தோசமாகத் தேவாரம் படித்தேன்.

நாள் நெருங்கும்போது உடுப்பிட்டியில் இருந்து செய்தி வந்தது. என் கணவரின் சின்னையா, அவருடைய தகப்பனின் தம்பி, காலமாகிவிட்டார். ஒரு பெண்ணுக்கு அவள் கட்டிக்கொண்டு போன பக்கத்துத் துடக்கு உண்டு. அண்ணைக்கு இல்லை, எனக்கு உண்டு. துடக்கோடு கோயில் வாசலை மிதிக்க முடியாது. சத்தியத் திகதியோ அந்தியேட்டிக்கு முதல்.

ஓடிப்போய்ச் சட்டத்தரணியிடம் சொன்னேன். அவர் பேனையை மூடினார்.

"உடுப்பிட்டியிலை ஒரு கிழவர் செத்தது இஞ்சை ஆருக்குத் தெரியும்? குளிச்சிட்டுப் போய்ச் சத்தியத்தைப் பண்ணும்."

"அம்மனுக்குத் தெரியும் சேர்."

"அப்ப கிணறு?"

"கிணறு வேண்டாம். துடக்கோடை நான் உள்ளுக்குப் போகமாட்டன். என்னை வெட்டினாலும் போகமாட்டன்."

"விசர்!" என்று மேசையில் அடித்தார். "உம்மைப்போலை ஆக்களுக்கு வழக்குப் பேசிறதிலும் பாக்க மாடு மேய்க்கலாம்."

"மேயுங்கோ சேர். நான் மறிச்சனானே?"

எனக்கு அப்படி வாய் வரும் என்று எனக்கே தெரியாது. அவரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு வேறு குரலில் கேட்டார்.

"உம்மடை அண்ணைக்கு உந்தச் சாவு தெரியுமோ?"

"தெரியும். கேள்விப்பட்டிருப்பார்."

"அவர் இப்பவும் தண்ணி கொண்டு போறாரோ?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் இப்ப கோயிலடிக்குப் போறேல்லை எல்லோ."

"சரி. நான் திகதி மாத்தக் கேக்கப்போறேல்லை. அண்டைக்கு வந்து வெளிவீதியிலை நில்லும். உள்ளுக்கு வரவேண்டாம். வாயைத் திறக்கவும் வேண்டாம். அது உமக்குக் கஷ்டம், தெரியும்."

அன்றைக்கு நான் போய்க் கோயில் மதிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். கணவர் பக்கத்தில் நின்றார். கோட்டில் இருந்து ஒரு உத்தியோகத்தர் வந்திருந்தார். அண்ணை சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு உள்ளே நின்றார். அவருடைய சட்டத்தரணியும் நின்றார். வேடிக்கை பார்க்க ஊர் கூடிவிட்டது.

"வாவன் உள்ளுக்கு!" என்று அண்ணி கத்தினாள். "சத்தியம் எண்டதும் கால் வரேல்லையோ? தாலிக்கொடி பாரமோ?"

ஆரோ சிரித்தார்கள். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. அம்மன் வாசலுக்கு முன்னால் நிற்கிறேன், கும்பிடக்கூடக் கை எழவில்லை.

அண்ணையின் சட்டத்தரணி உத்தியோகத்தரிடம், "அவ சத்தியத்துக்கு வர மறுக்கிறா. எழுதிக்கொள்ளுங்கோ" என்றார்.

"எழுதுவம்" என்றார் என் சட்டத்தரணி. "ஏன் வரேல்லை எண்டதையும் சேத்து எழுதுவம். துடக்கெண்டு சொல்லுறா. பொய்யோ மெய்யோ, கோயில்காரரைக் கேப்பம்." கோயில் ஐயரை வாசலுக்குக் கூப்பிட்டார். "ஐயா, இந்தப் பிள்ளைக்குத் துடக்கெண்டது உண்மையோ?"

ஐயர் வயசான மனிதர். சூது தெரியாதவர். "உண்மைதானே" என்றார். "அதாலைதானே அபிடேகத்துக்கு இப்ப அந்தக் கிணத்துத் தண்ணி எடுக்கிறேல்லை. சந்தியடிக் கிணத்திலை எடுக்கிறம்."

"எந்தக் கிணத்துத் தண்ணியை விட்டனீங்கள்?"

"இவையின்ரை கிணறுதான்." ஐயர் அண்ணையைக் காட்டினார்.

"இவருக்குத் துடக்கில்லையே ஐயா. இவர் உள்ளுக்கெல்லோ நிக்கிறார்?"

"இவருக்கில்லை. தங்கச்சி வீட்டிலை துடக்கு. கிணறு ரண்டு பேருக்கும் பங்கெல்லோ. செய்தி வந்ததுக்கு அடுத்தநாள் விடிய இவர்தான் வெறுங்கையோடை வந்தவர். 'ஐயா, பங்குக்காரி வீட்டிலை துடக்கு, தண்ணி ஆகாது, வேறை இடத்திலை எடுங்கோ' எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

உத்தியோகத்தர் எழுதுவதை நிற்பாட்டி அண்ணையைப் பார்த்தார். அண்ணையின் முகம் சாம்பலாகிவிட்டது.

"அது சாமிக் காரியம்!" என்று கத்தினார் அண்ணை. "அதையும் இதையும் சேக்காதேங்கோ! கோட்டுக் காரியம் வேறை!"

"சாமிக்குப் பங்குக்காரி, கோட்டுக்குப் பங்கில்லாதவளோ?" என்றார் என் சட்டத்தரணி. குரலை உயர்த்தவில்லை. "சரி தம்பி. அவவுக்குத் துடக்கு. உமக்கில்லை. கற்பூரம் இருக்கு, அம்மன் இருக்கிறா. தங்கச்சி பங்கை விட்டவ எண்டு நீர் சத்தியம் பண்ணும். நாங்கள் இப்பவே வழக்கை விடுறம்."

இவரை ஆர் அப்படிச் சொல்லச் சொன்னது? அண்ணை பண்ணிவிட்டால் கிணறு போய்விடும். அதைவிட, என் கூடப்பிறந்தவர் அம்மன் முன்னால் பொய்ச்சத்தியம் பண்ணி அழிந்துபோவாரே என்றும் பயம். இரண்டு பயமும் சேர்ந்து வந்தன. எது பெரிதென்று இப்போதும் எனக்குத் தெரியாது.

"பண்ணுங்கோவன்!" என்றாள் அண்ணி. "ஏன் நிக்கிறியள்?"

அண்ணை கற்பூரத் தட்டைப் பார்த்தார். கை நீட்டவில்லை. சால்வையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலால் வெளியே வந்தார். என்னைக் கடந்துதான் போகவேண்டும். போகும்போது சொன்னார்: "சந்தோசமோடி? சாமிக்கு வாற தண்ணியிலையும் பொறி வைச்சிட்டாய்."

நான் பொறி வைக்கவில்லை. அதைச் சொல்லுமுன் அவர் ஒழுங்கையில் இறங்கிவிட்டார்.

உத்தியோகத்தர் நடந்ததை அப்படியே எழுதிக் கோட்டுக்குக் கொடுத்தார்; அதற்குப் பிறகு வழக்கு இழுபடவில்லை. அடுத்த தவணையில் அண்ணையின் பகுதி இணங்கிவிட்டது. வாய்க்காலைத் திருப்பிக் கட்டினோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை என்று கோட்டிலேயே பதிந்தார்கள்.

சட்டத்தரணியிடம் கடைசியாகப் போனபோது கேட்டேன். "சேர், அண்ணை தண்ணி நிப்பாட்டினது உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"தெரியாது. நிப்பாட்டியிருப்பார் எண்டு நினைச்சன். அவர் கோயில் குடத்தைத் தொடக்கூடாது எண்டு சொன்ன விதத்திலை விளங்கினது, ஆள் அம்மனுக்குப் பயந்தவர் எண்டு. உம்மடை விசர்தான் அவருக்கும். ஒரே வயித்துப் பிள்ளையள்தானே." அதைச் சொல்லிச் சிரித்தார். நான் அவர் சிரித்துக் கண்டது அந்த ஒரு தரம்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெற்றிலையில் வைத்துக் கொண்டுபோன வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த மனிதரால் என் பிள்ளைகள் படித்தார்கள். ஆனாலும் அவர்மேல் உள்ள கோபம் எனக்கு ஆறவில்லை. அந்த வழக்கு முழுவதிலும் என் அண்ணை செய்த ஒரேயொரு நேர்மையான காரியம், துடக்குத் தண்ணீரை அம்மனுக்குக் கொண்டுபோகாமல் விட்டது. அதில்தான் அவரைப் பிடித்தார்கள். அம்மனுக்குப் பயப்படாதவராக அண்ணை இருந்திருந்தால், வழமைபோலக் குடத்தைச் சுமந்துகொண்டு போயிருந்தால், நான் தோற்றிருப்பேன். இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. என் பங்கைக் களவெடுத்ததற்காக அண்ணைமேல் உள்ள கோபமும் ஆறவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்தியேட்டி முடிந்தும் அண்ணை குடத்தைத் தூக்கவில்லை. அதைக் கழுவிக் கோயிலிலேயே ஒப்படைத்துவிட்டார். அம்மனுக்கு இப்போதும் சந்தியடிக் கிணற்றுத் தண்ணீர்தான். எங்கள் முறை நாளில் நான் மோட்டரைப் போட்டால் அண்ணை வீட்டுச் சன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். இறைத்து முடிந்த பிறகுதான் திறப்பார்கள். ஒழுங்கையில் நேருக்கு நேர் வந்தால் இரண்டு பேரும் வேலியைப் பார்த்துக்கொண்டு நடப்போம்.

ஊரில் திரிகிற கதைகள் இவை: அண்ணை பொய்ச்சத்தியம் பண்ணினார், அதனால்தான் அவருக்குச் சலரோகம் என்கிற நீரிழிவு வந்து விரல் எடுத்தார்கள் என்பது ஒன்று. நான் துடக்கோடு உள்ளே போய்ச் சத்தியம் பண்ணினேன், அதனால்தான் கோயில் தேர் அந்த வருடம் முறிந்தது என்பது இன்னொன்று. அம்மன் அசரீரியாகப் பேசினா என்றுகூட ஒருவர் எழுதிப் போனில் அனுப்பியிருந்தார். இரண்டு பேரும் சத்தியம் பண்ணவில்லை. அம்மன் பேசவில்லை. பேசியது ஐயர், அவரும் கேட்டதற்குத்தான் பதில் சொன்னார்.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் கும்பிட்டுக் கேட்கிறேன். இந்தக் கதையை ஆருக்கும் சொல்வதென்றால் இப்படியே சொல்லுங்கள். என்னை நல்லவளாக்க ஒன்றும் கூட்டவேண்டாம். அண்ணை வாய்க்காலை உடைத்ததைக் குறைக்கவும் வேண்டாம். ஆனால் கற்பூரத் தட்டுக்கு முன்னால் அவர் கை நீட்டவில்லை என்பதை மட்டும் ஒருவரும் விட்டுவிடாதீர்கள். என்னோடு கதைக்காத அந்த மனிதருக்கு இந்த ஊரில் அதைச் சொல்ல வேறு ஆளில்லை.